நிறுத்தி வைத்த படம்

வருடத்தின் கடைசி மாலை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் முன்னறையில் புதுச் சுண்ணாம்பின் வாசம் இன்னும் போகவில்லை. அடுப்படியில் கோழிக்கறியைக் கிண்டிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வரும் றோசாலி நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கும் மகள் டிலக்ஷியின் லெப்டொப்பில், பஸ் ஏறப்போகும் பிள்ளையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்த ஒரு தாய் அப்படியே அசையாமல் நிற்கிறாள். திரையின் நீல வெளிச்சத்தில் மகளும் கணவர் அந்தோனிப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் றோசாலி துவைத்துப் போட்ட ஜன்னல் சீலை மட்டும் குளிர்காற்றில் ஆடுகிறது.

“என்னடி, சிக்னல் போயிருச்சா?”

“இல்லம்மா. நீங்க வரட்டும்னு நிப்பாட்டி வச்சிருக்கோம்.”

றோசாலிக்கு உடனே விளங்கவில்லை. டிவியில் ஓடிய எத்தனையோ படங்களின் முடிவை அவள் அடுப்படியிலிருந்து காதால்தான் கேட்டிருக்கிறாள். கடைசியில் யார் செத்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று பிறகு விசாரித்துக்கொள்வாள். படமாவது, ஒருத்திக்காக நிற்பதாவது! மெதுவாக வந்து உட்காருகிறாள். திரையில் அந்தத் தாய் பேசத் தொடங்குகிறாள். உள்ளே கறி தளதளவென்று கொதிக்கிறது. எழப்போனவளின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, அந்தோனிப்பிள்ளை கரண்டியைத் தேடிப் போகிறார்.

“நிப்பாட்டுடி,” என்கிறாள் றோசாலி. “அப்பா வரட்டும்.”