நீர்நாய்களின் அரைவட்டம்

ஆற்றோரச் சர்க்கரை ஆலையின் வாய்க்காலில் இனிப்பான கழிவுநீர் ஓடியது. அது புளித்திருந்ததால் குடித்தால் போதை மயக்கம் வரும். நீர்நாய்க் கூட்டத்தின் இளசுகள் சாயங்காலமானால் அங்கேதான் கிடந்தன. செவந்தியின் மூத்த மகன் அப்படி மயங்கிக் கிடந்தபோதுதான் தெருநாய்கள் அவனைக் கடித்துக் கொன்றன.

"வாய்க்காலுக்குக் காவல் போடுவோம்," என்றான் கூட்டத்தின் தலைவன் கொம்பையா.

"நானும் என் மகனுக்குக் காவல் இருந்தேன், அண்ணே. அவன் வேற வழியாப் போனான்," என்றாள் செவந்தி. "சாயங்காலம் நாம எல்லாரும் மீன் பிடிக்கப் போயிடுறோம். இடைஞ்சல்னு பிள்ளைகளை விட்டுட்டுப் போறோம். அதுங்க வேற எங்கே போகும்?"

மறுநாள் முதல் பெரியவர்கள் ஆளுக்கொரு குட்டியோடு ஆற்றில் இறங்கினார்கள். செவந்தி தாயில்லாத சுடலையைச் சேர்த்துக்கொண்டாள். குட்டிகள் போட்ட கும்மாளத்தில் மீன்கள் சிதறி ஓடின. பத்து நாள் எல்லாருக்கும் அரை வயிறுதான். கொம்பையா முணுமுணுத்தான். ஆனால் தன்னோடு வந்த குட்டியை ஒருநாளும் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, கரையில் மீன் தின்றுகொண்டிருந்த சுடலையிடம் கொம்பையா கேட்டான்: "வாய்க்கால் பக்கம் போறதே இல்லையாடா?"

"நேத்து போகலாம்னு கிளம்பினேன், மாமா," என்றான் சுடலை. "ஆனா நாம அரைவட்டமா நின்னு மீனை வளைக்கும்போது இடது ஓரம் என்னோடது. நான் வரலேன்னா அந்த வழியா மீனெல்லாம் தப்பிப் போயிடும்."