9973-ஐ அழைக்க வராதவர்கள்

எண்களின் ஊரில் ஒரு வழக்கம். சின்ன எண்கள் ஒவ்வொன்றாக வந்து, தங்களால் மீதியில்லாமல் வகுபடுபவர்களை வீட்டுக்கு அழைத்துப் போகும்.

முதலில் இரண்டு வந்தது. 9973-இன் இரு பக்கத்து நண்பர்களும் அன்றே போய்விட்டார்கள். வரிசையே அதிர அவர்களோடு சிரித்த நாட்களை நினைத்தபடி 9973 காத்திருந்தது. மூன்றும் ஐந்தும் ஏழும் வந்து, வகுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயின. கடைசியாக வந்த 97-க்கும் மீதி நின்றது.

"இன்னும் யாராவது வருவாங்களாண்ணே?"

"வரமாட்டாங்கப்பா. என்னைவிடப் பெரியவன் உன்னை வகுக்கணும்னா, அவனோட சேர்ந்து பெருக்க ஒரு சின்னவன் வேணும். சின்னவங்கதான் எல்லாரும் பார்த்துட்டாங்களே!"

"அப்போ எனக்கு வீடே கிடையாதா?"

"அட, நீ பகா எண்ணுடா! எங்களை மாதிரி நீதான் போய்க் கூப்பிடணும்."

9973 தன் மடங்குகளைத் தேடி நடந்தது. போன இடமெல்லாம் காலி. அவர்களைச் சின்ன எண்கள் முன்பே அழைத்துப் போயிருந்தன. பேச்சுச் சத்தமே இல்லாத வரிசையில் வெகுதூரம் நடந்தபின், தன்னைத் தன்னாலேயே பெருக்கினால் வரும் 99460729 தனியாக நிற்பதைக் கண்டது. இரண்டு முதல் எல்லாரும் அதையும் வகுத்துப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

9973 வகுத்தது. மீதி எதுவும் நிற்கவில்லை.

"வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டபடியே 99460729 அதனுடன் கிளம்பிவிட்டது.