வாசல் காவல்

ஒருவன் உள்ளே போக வேண்டுமானால் ஒருத்தி வெளியே போக வேண்டும். அது எந்த வாசல்? சொல்லுங்கள் பார்ப்போம்.

எருசலேமில் அந்த மழை மாதத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்து திரும்பிய யூதர்கள் இடிந்த கோயிலை எழுப்பிவிட்டார்கள். பலியும் பாட்டும் மறுபடி தொடங்கிவிட்டன. இனி அந்நிய மனைவிகளை அனுப்பிவிட வேண்டும் என்று சபை கூடி முடிவு செய்தது. குடும்பம் குடும்பமாக விசாரணை. வரிசை மழையில் நனைந்துகொண்டு நின்றது.

மூப்பர் ரெகூமுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. காலையிலிருந்து காதில் அழுகைதான். ஒருத்தியையாவது நிறுத்திக்கொள்ள வழி இருக்காதா என்று பார்த்தார்.

மல்கியாவின் முறை வந்தது. கோயில் வாசல் காவல் வேலை கிடைக்கக் காத்திருப்பவன். பின்னால் ஏதோம் நாட்டிலிருந்து வந்த அவனுடைய மனைவி திம்னாள், சின்ன மகள் அக்சாள். அவன் பிடித்திருந்த கயிற்றில் கொழுத்த ஆட்டுக்கடா ஒன்று. அந்நியப் பெண்ணை மணந்த குற்றத்துக்குப் பரிகாரம்.

ரெகூம் கடாவைத் தடவிப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. யார் வளர்த்தது என்று கேட்டார். திம்னாள்தான் என்றான் மல்கியா.

"கடாவுக்கு மட்டும் குலம் கேக்க மாட்டாங்க போல," என்றது வரிசையில் ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

ரெகூம் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, யோசிச்சுச் சொல்லு. தன் தெய்வத்தை விட்டுட்டு நம்மளோட பஸ்கா பண்டிகை விருந்து சாப்பிட்டவ நம்மள்ல ஒருத்தி. அவளை அனுப்ப வேண்டியதில்ல. ஆனா வாசல் காவலுக்கு மனைவியோட பிறப்பையும் பார்ப்பாங்க. அது உனக்குக் கிடைக்காது. கல்லு சுமந்து பொழைச்சுக்கலாம். இவ பஸ்கா சாப்பிட்டிருக்காளா?"

மல்கியா கோயிலின் புதுக் கதவைப் பார்த்தான்.

"இல்ல, பெரியவரே."

ரெகூம் திம்னாளிடமும் கேட்டார். அவள் புருஷனையே சிறிது நேரம் பார்த்தாள்.

"அவர் சொன்னதுதான், ஐயா."

ரெகூமுக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்துத் தூக்கிவிடப் போனாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே. பிறந்த வீட்டுச் சாமியை விட மனமில்லாத பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

அவளை அனுப்பிவிடுவதாக மல்கியா கைகொடுத்து உறுதி சொன்னான். கடாவைப் பலிபீடத்துக்கு ஓட்டிப் போனார்கள்.

பாக்கி அக்சாள். ரெகூம் குனிந்து அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பாவோடு இருந்தால் கோயிலருகே வீடு, சபையில் இடம். அம்மாவோடு போனால் ஏதோமின் பாறைக்காடு. திரும்பி வர முடியாது.

அக்சாள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"தாத்தா, அம்மா பஸ்கா சாப்பிட்டாங்களே. புளிக்காத அப்பம் சுட்டதே அம்மாதான். அவங்க ஊரு சாமி பொம்மையைக்கூட அவங்களே உடைச்சுப் போட்டுட்டாங்க. அப்பாதான் பஸ்கா ஆட்டுக் கறியை முறைப்படி எலும்பு உடையாம பிச்சு அம்மா கையில குடுத்தாரு."

ரெகூம் மல்கியாவைப் பார்த்தார். மல்கியா தரையைப் பார்த்தான். பலிபீடத்தில் புகை எழ ஆரம்பித்திருந்தது. வரிசை குறைந்தபாடில்லை.

"சின்னப் பிள்ளை எதையாவது சொல்லும்," என்றார் ரெகூம். "அடுத்தது யாரு?"

அக்சாள் அம்மாவோடு போனாள்.