வலது விலா

"காரை ஓட்டினது நான்தான் சார்," என்று பெரு நாட்டு லீமா நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் முனகினார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஃபெர்மின்.

டிராபிக் சார்ஜெண்ட் எலெயூதேரியோ சிரித்தார். "யாருக்குய்யா காது குத்துற? ஸ்டீயரிங் இடப்பக்கம். பஸ் இடிச்சது வலது கதவுல. உனக்கு உடைஞ்சதும் வலது விலா. அப்போ நீ பக்கத்து சீட்டு. முக்குல பிரேக் போடாத அந்தக் கழுதை யாரு? உள்ள தள்ளுறேன்!"

"விட்டுருங்க சார்..."

"பேரைச் சொல்லுய்யா!"

"உங்க வீட்டம்மாதான் சார். உங்களுக்குத் தெரியாம என்கிட்ட கார் ஓட்டப் பழகுறாங்க. முக்குல ஹாரன் அடிச்சாப் போதும், பிரேக் எதுக்குன்னு நீங்கதான் சொல்லுவீங்களாம்."

சார்ஜெண்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அவளுக்கு அடி?"

"ஒரு கீறல்கூட இல்ல."

பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஓட்டினது நீ. உடைஞ்சது இடது விலா. டாக்டர் வந்தா அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகு!"