கொக்கி இல்லாத தவளை

அப்பாவின் தொப்பி கடைக்குள் மறைந்ததும் வண்டியில் இருந்த ராண்டல் கட்டிங் பிளேயரை எடுத்தான். மீனுக்கு இரையாகக் காட்ட அந்த வாரம் வாங்கிய புது ரப்பர் தவளையின் முதுகை ஒட்டி வளைந்திருந்த இரண்டு கொக்கிகளையும் நறுக், நறுக்கென்று வெட்டி, இருக்கைக்கு அடியிலிருந்த காபி டப்பாவில் போட்டான். டப்பாவில் ஏற்கெனவே கால்வாசிக்குக் கொக்கிகள் கிடந்தன.

நல்ல காரியம் என்று நினைத்தா செய்தான்? வேறு வழி தெரியவில்லை, செய்தான். போன வருஷம் இதே மாதிரி ஒரு கொக்கி அப்பாவின் உள்ளங்கையில் ஏறி, ரத்தம் நிற்காமல், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இனி கொக்கிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் ராண்டலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதை அப்பா ஹாலிஸிடம் யார் போய்ச் சொல்வது? பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்த அந்த மனுஷனுக்கு, எழுபத்தாறு வயதில் மிச்சமிருப்பது பாசி பிடித்த அந்தக் குட்டையும் அதிலுள்ள பாஸ் மீன்களும்தான். அம்மா இருந்தவரை குடும்பமே இரண்டு படகில் போகும். இப்போது அப்பா தனியாக உட்கார்ந்து உருகுகிறார், சனிக்கிழமை தவறாமல் நீ கூட்டிப் போ என்று ஏப்ரலில் அக்கா லோரீன் போனில் உத்தரவே போட்டுவிட்டாள்.

ராண்டலுக்கும் சனிக்கிழமையில் வேறு சோலி இல்லை. அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மான்ட்கோமரியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகிறது.

ஹாலிஸ் ஒரு கையில் ஐஸ் மூட்டையும் மறு கையில் அவித்த வேர்க்கடலையுமாக, முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். தூண்டில், பீர், கடலை என்று எல்லாம் விற்கிற அந்தக் கடைக்குள் மகனை ஒரு நாளும் விட்டதில்லை. நான் போய் வாங்கி வருகிறேனே என்றால், எனக்குக் கால் இல்லையா, நீ வண்டியிலேயே கிட என்பார். வயசான வீம்பு, என்ன செய்வது!

குட்டையில் தண்ணீரே தெரியவில்லை. அல்லி இலையும் பாசியும் கரைக்குக் கரை மூடிக் கிடந்தன. தட்டைப் படகைத் தள்ளிவிட்டு ஏறியதும் ராண்டல் தவளையைக் கட்டி, தூண்டிலை அப்பாவின் கையில் கொடுத்தான். அவருக்குப் பார்வை மங்கலாக இருந்தது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டான்.

கிழவரின் வீச்சு மட்டும் மங்கவில்லை. தவளை போய் இலைமேல் விழுந்து, தத்தித் தத்தி வந்தது. திடீரென்று பாசியைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் பாய்ந்து அதைக் கவ்வியது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று வாய்விட்டு எண்ணிவிட்டு ஹாலிஸ் சுண்டி இழுத்தார். மீன் தவளையை வாய்க்குள் நன்றாக வாங்கிக்கொள்ள அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெறும் தவளைதான் திரும்பி வரும் என்பது, பிள்ளைகளுக்குப் பல் விழுகிற வயதிலேயே அவர் சொல்லிக் கொடுத்த பாடம். வெறும் தவளைதான் திரும்பி வந்தது.

சீக்கிரம் இழுத்துட்டீங்கப்பா என்று ராண்டல் வழக்கமான பொய்யைச் சொன்னான். ஆமாம், ஆமாம், கையா இது, கட்டை என்று அவரும் வழக்கம்போலத் தன்னையே திட்டிக்கொண்டார். காலையில் இப்படியே மூன்று மீன் போயிற்று.

நாலாவது வந்தது பாருங்கள், குட்டையே குலுங்கியது. வாயைப் பார்த்தாலே ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஹாலிஸ் எண்ணினார், எழுந்து நின்று முழு மூச்சோடு இழுத்தார். இழுத்த வேகத்தில் படகுக்குள் மல்லாக்க விழுந்தார்.

ராண்டல் பதறிப்போய்த் தூக்கி உட்கார வைத்தான். அவருக்கு அடி ஒன்றுமில்லை. மூச்சு வாங்க, "என் கதை அவ்வளவுதான் போலடா" என்றார்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. டாக்டர் சொன்னது, கட்டிங் பிளேயர், காபி டப்பா, அத்தனையையும் கொட்டிவிட்டான். "உங்க கையில குறை எதுவும் இல்லப்பா. வாராவாரம் கொக்கியை வெட்டினது நான்தான். உங்களைத் தடுக்கவும் முடியல, இப்படி ஏமாத்திக்கிட்டே இருக்கவும் முடியல. நான் என்னதான் செய்யட்டும்?"

ஹாலிஸ் நிதானமாக ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "கொக்கி போயிட்டா தவளை மல்லாந்து விழும், சத்தமே வேற. அறுபது வருஷமா வீசுறவன் நான். மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

ராண்டலுக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இத்தனை மாதமாக எண்ணியதும், இழுத்ததும், கையைத் திட்டிக்கொண்டதும் எல்லாம் நடிப்பா? தான் ராத்தூக்கம் கெட்டுத் தவித்ததெல்லாம் எதற்கு?

"ஒரு மீனும் மாட்டாதுன்னு தெரிஞ்சுமா வந்தீங்க? வலிக்கிற காலை வெச்சுக்கிட்டு, விடாம? எதுக்குப்பா?"

ஹாலிஸ் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ குடிக்காம இருந்து இன்னையோட இருபத்தோரு சனிக்கிழமைடா."