ராசாத்தியின் கூடு

“கொண்டா என் முட்டைய!”

ஜெய்தூன் பீவியின் குரல் பேகம்பூர் தெருமுனை வரைக்கும் கேட்டது. தோல் கிடங்கில் வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் புருஷன் நூர் அகமதுவுக்கு மானம் போயிற்று. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள்.

“எதுக்குத் தரணும்? என் அடுப்படிக்குள்ள வந்தது என் முட்டை.” பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளும் லேசில் விடுகிற ஆள் இல்லை. “முருங்கைக்காய் யாரு பக்கம் விழுகுதோ அவுகளுக்கு. நம்ம வளவுல என்னைக்கும் வழக்கம் அதுதானக்கா?”

“முருங்கைக்காயும் முட்டையும் ஒண்ணாடி? என் கோழி போட்டது எனக்குத்தான்!”

எதிர் வீட்டுக் கண்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா ஜெய்தூனு, ஒனக்கே இது நல்லாருக்கா? வேடசந்தூர்ல மில்லு அடைச்சு அவ புருசன் வேலையில்லாமக் கெடக்கான். பிள்ளை முத்துப்பேச்சி டைபாய்டுல விழுந்து இப்பத்தான் எந்திரிச்சு நடக்குது. முட்டை குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த ஒரு முட்டைக்கா இம்புட்டுக் கூத்து?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நயாபைசாப் பொருளுன்னாலும் என் பொருளு என் பொருளுதான்!”

வளவில் ஒட்டுக்குடித்தனம் இருந்தவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நூர் அகமது யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தார்.

எல்லாம் அந்தக் கோழியால் வந்த வினை. பெயர் ராசாத்தி. கூடப் பொரித்த குஞ்சுகளையெல்லாம் கீரி கொண்டுபோன பிறகு, மிஞ்சிய இது ஒன்றை ஜெய்தூன் வாசலில்கூட விடுவதில்லை. வீட்டுக்குள்தான் வளர்ப்பு. பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தால் அதற்கு மூச்சு முட்டுமாம். ஆகவே கள்ளிப்பெட்டிப் பலகையில் தனி வீடு.

அவள் சொல்லச் சொல்ல நூர் அகமதுதான் கட்டினார். காற்றுக்குக் கம்பி வலை. ஏறி உட்கார மூங்கில் கழி. எச்சத்துக்கு அடியில் சாம்பல் தட்டு. தன் முட்டையைத் தானே கொத்துகிற கெட்ட புத்தி ராசாத்திக்கு இருந்தது. அதற்காக முட்டையிடும் பலகையை மட்டும் கொஞ்சம் சாய்வாக வைக்கச் சொன்னாள். முட்டை விழுந்த உடனே உருண்டு, வெளியே முன்பக்கம் இருக்கிற வைக்கோல் தட்டுக்கு வந்துவிட வேண்டும். வைகை அணை கட்டியவர்கள்கூட இவ்வளவு யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஆனால் அடுப்படி மூலையில் கூட்டை வைத்ததும் முட்டை முன்பக்கம் வரவில்லை, பின்பக்கம் உருண்டது. பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அடியில் கை நுழைகிற சந்து. ராசாத்தி போடுகிற முட்டையெல்லாம் நேரே சுந்தரம்மாள் வீட்டுக்குக் குடிபோயின.

நூர் அகமதுவுக்குச் சாய்வு பார்க்கத் தெரியவில்லை என்று வளவே சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சீக்காளிப் பிள்ளையின் வாயில் போகிற முட்டைக்குத் தன் பெண்டாட்டி சண்டை பிடிப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கிடங்கு லீவு. கூட்டின் பின்கால்களுக்கு அடியில் செங்கல் துண்டுகளைக் கொடுத்துத் தூக்கினார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார். அழகாக உருண்டு முன்பக்கத் தட்டில் வந்து விழுந்தது.

“இனிமே சண்டைக்கு வேலை இல்ல. முட்டைய நம்ம கையாலயே அந்தப் பிள்ளைக்குக் குடுத்துருவோம். என்ன சொல்றே?”

“ஜும்மாவுக்கு நேரமாச்சு, கெளம்புங்க” என்றாள் ஜெய்தூன்.

பாதி வழியில் தொப்பி ஞாபகம் வந்தது. திரும்பி வந்தவர் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

ஜெய்தூன் செங்கல் துண்டுகளை உருவி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்தைக் கூட்டுக்குள் விட்டாள். பின்பக்கம் உருண்டு வந்ததைத் தடுப்புச் சந்தில் கையால் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தில் ஒரு சாக்குத் துண்டு மடித்து விரித்திருந்தது. முட்டை உடையாமல் போவதற்குத்தான்.

“ஏ புள்ள, அப்ப நான் சாய்வு தப்பா வைக்கலையா?”

திடுக்கிட்டவள், தடுப்பைக் காட்டி வாயில் விரலை வைத்தாள்.

“மெல்லப் பேசுங்க. நீங்க சரியாத்தான் வச்சீங்க. இந்த மூலை பள்ளம்னு தெரிஞ்சுதான் நான் கூட்டை இங்க வைக்கச் சொன்னேன்.”

“கையில குடுத்தா என்ன?”

“குடுக்காமலா இருந்தேன்? பிள்ளை எந்திரிச்ச அன்னைக்கே கிண்ணத்துல முட்டை கொண்டுபோய்க் குடுத்தேன். வெறுங்கிண்ணத்தத் தரக்கூடாதுன்னு, இருந்த கேப்பை மாவையெல்லாம் வழிச்சுப் போட்டுத் திருப்பித் தந்தா. அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியலைங்க.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்பறம் எதைக் குடுத்தாலும் வேணாம்க்கான்னுட்டா.”

நூர் அகமதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி, முட்டை பாட்டுக்கு அந்தப் பக்கம் போகட்டும். அதுக்கு எதுக்கு தெனம் வளவே சிரிக்கச் சண்டை?”

“சும்மா விட்டா, இரக்கப்பட்டு விடுறேன்னு கண்டுபிடிச்சுத் திருப்பித் தந்துருவா. சண்டை போட்டாத்தானே, விடக்கூடாதுன்னு வீம்புக்காவது பிள்ளைக்கு அவிச்சுக் குடுப்பா?”