ஒரு விமானக் கதவுக்கு எத்தனை பேர்?

"வளர்ந்த நாட்டுல இருக்கிற நம்ம கம்பெனி ஆலையில ஒரு விமானக் கதவு மூணு நாள்ல முடியுது. அதே கதவுக்கு நமக்கு ஒன்பது நாள். ஏன்யா?" என்றார் புதிதாக வந்திருந்த இயக்குநர்.

"அங்கே துளை போட ரோபோ இருக்கு சார்," என்றார் உற்பத்தி மேலாளர்.

"நமக்குத்தான் நாலு பேர் இருக்காங்களே?"

"ஒருத்தர் துளை போடுவார். ஒருத்தர் அதைச் சரிபார்ப்பார். அவர் சரியாப் பார்த்தாரான்னு மூணாவது ஆள் பார்ப்பார்."

"நாலாவது?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். "நான்தான் சார்."

இயக்குநர் சிரிக்கவில்லை. "வந்த அன்னிக்கே எச்சரிச்சேன். இந்த நாற்காலி இனி உனக்கில்லை. அந்த ஆலைக்குப் போய், அங்கே இருக்கிற மேலாளரம்மாவுக்குக் கீழ ரெண்டு வருஷம் இருந்து வேலை கத்துக்கிட்டு வா. ரொம்பக் கறாரான அம்மாவாம்."

"கேள்விப்பட்டிருக்கேன் சார்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், படிக்கட்டு மறைவில் நின்று போனை எடுத்தார்.

"என்னை இங்கேருந்து தூக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் உனக்குக் கீழதான் வேலை."

மறுமுனையில் ஒரு பெண் குரல் உயர்ந்தது. "மாற்றல் கேட்டப்பல்லாம், நீங்க இல்லாம அங்கே எதுவும் ஓடாதுன்னு பழைய இயக்குநர் விடலையே. இப்ப மட்டும் எப்படி?"

"நான் இருந்தும் ஓடலைன்னு புதுசா வந்தவர் கண்டுபிடிச்சிட்டார்."

சிரிப்பும் மூக்கை உறிஞ்சும் சத்தமும் சேர்ந்தே கேட்டன.

"பாப்பா, ஓடி வா," என்று குரல் கொடுத்தார் அந்தக் கறாரான மேலாளரம்மா. "அப்பா நம்மகூடவே இருக்க வராராம்."